ஸ்டான்லி படித்த பதினான்கு பகுதிகள்

ரெபேக்காளுக்கு எப்போதும் இருப்புக்கொள்ளாது. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிற அரைமணி நேரத்திலும் போனில் கதை எழுதிக்கொண்டே போவாள். கதைச் செயலியில் அவளுக்கு நாலாயிரம் வாசகர்கள். ஏற்றும்போது மர்மமா, திகிலா, த்ரில்லரா என்று செயலி கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு மர்மத்தை அழுத்துவாள். யார், ஏன் என்று துருவுவதில்தான் அவளுக்கு ருசி. திகில் கத்துகிறவர்களுக்கு, த்ரில்லர் ஓடுகிறவர்களுக்கு என்று உதட்டைச் சுழிப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் புருஷன் ஸ்டான்லியின் சாக்ஸில் கடல் மணல் இருந்தது. சட்டைப்பையில் மாமல்லபுரம் பஸ் டிக்கெட். கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்குப் போகிறவனுக்குக் கடற்கரையில் என்ன வேலை? வேறொருத்தி என்றால் துடைப்பத்தோடு கேட்டிருப்பாள். இந்த மகராசி நோட்டுப் போட்டுத் துப்பு சேர்த்தாள். பேரை மாற்றித் தொடராகவும் எழுதினாள். வாசகர்கள் கதைப் புருஷனுக்கு ஒரு கள்ளக்காதலியைக் கட்டிவைத்துத் திட்டித் தீர்த்தார்கள். பதினான்காம் பகுதியின் முடிவில், நாளை அவன் முகத்திரை கிழியும் என்று போட்டாள். நெஞ்சு படபடத்தது, சந்தோஷத்தில்தான்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஸ்டான்லியின் கம்பெனி நண்பன் ஜான்சன் ஆதார் நகல் எடுக்க வந்தான். கம்பெனியில் ஒரு உற்பத்தி லைனையே மூடி ஆட்களை நிறுத்தி ரெண்டு மாசமாகிறது, தனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை, ஸ்டான்லிக்கு எங்கேயாவது கிடைத்ததா என்று விசாரித்தான்.

மர்மம் அவிழ்ந்துவிட்டது. காதலியும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. வேலை போன வெட்கம் அவனை டிபன் பாக்ஸோடு தினமும் கடற்கரைக்கு விரட்டியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுதுவதை முதலில் படிக்கிறவன் ஸ்டான்லி. பதினான்கையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றைய பகுதிக்குக் கீழே, அவன் கடலில் விழுந்து சாகட்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதையும் படித்திருப்பான்.

போன் போட்டாள். அணைந்திருந்தது. நடந்து முடிந்ததைத் தோண்டித்தான் அவளுக்குப் பழக்கம். இது இன்னும் நடக்காதது, ஓடினால் தடுக்கலாம். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் ஓடி மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்தாள். திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடித்தார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் ஆதியம்மாளிடம் போனிலிருந்த போட்டோவைக் காட்டினாள். "நம்ம கம்பெனிக்காரரு. தோ, நண்டு பிரிச்சிகினு கீறாரு," என்று அவள் கைகாட்டினாள்.

கம்பெனிச் சட்டையோடு, மடியில் வலையோடு, படகு நிழலில் உட்கார்ந்திருந்தான். உயிரோடிருந்தான். ரெபேக்காள் அழுதுவிட்டாள்.

அவன் தலை நிமிரவில்லை. "மொத பகுதியிலயே என்னியப் பத்தின்னு தெரிஞ்சிபோச்சி. வூட்டுக்குள்ள எவனோ மறைஞ்சி நின்னு என்னியே பாத்துகினு கீறாப்பல இருந்துச்சி. சோறு எறங்கல."

அவள் மர்மமென்று எழுதியதை அவன் திகிலாகப் படித்திருக்கிறான். முன்னமே வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்றாள்.

"நீ கேப்பன்னு பாத்துகினு இருந்தேன், ரெபேக்கா. நீ எழுதிகினு இருந்த."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்ட்டியா?" என்றாள். இந்த இரண்டு மாதத்தில், கதைக்காக இல்லாமல் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.