தங்கை வீட்டுக்குப் புள்ளிக்கோடு

நிலத்தை மனைகளாகப் பிரிக்க நினைக்கிறவர்கள் முதலில் தேடி வருவது கோட்டுக்காரரைத்தான். வரைபடம் போடுவது தொழில் என்பதால் அந்தப் பேர். சொந்தப் பேர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய அறை. ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. மேலே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலை மறைத்துச் சுருட்டி வைத்த காகிதங்கள்.

"நீங்க போட்ட படத்துல தப்புக் கண்டுபிடிக்கணும்னா நான் இன்னொரு ஜென்மம் எடுக்கணும் சார்" என்று அலுவலகக் குமாஸ்தாவே சிரித்துக்கொண்டு முத்திரை குத்துவார்.

அனுமதிக்குக் கொடுக்கும் முதல்கட்டப் படத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கோட்டுக்காரர் சொல்லுவார். வடக்கு எந்தப் பக்கம், நாலு பக்கமும் யார் நிலம், மழைத்தண்ணீர் எப்படி ஓடும், கிணறு எங்கே, பெரிய மரம் எங்கே. உள்ளே போடும் தெரு முட்டுச்சந்தாக முடிந்தால், தீயணைப்பு வண்டி வந்து திரும்புகிற மாதிரி அந்த முனையில் வட்டமாக இடம் விட வேண்டும். ஏற்கெனவே கட்டடம் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். நிற்கப் போவதற்கு முழுக்கோடு, இடிக்கப் போவதற்குப் புள்ளிக்கோடு. இடிபடும் வீட்டில் ஆள் குடியிருந்தால் அந்த ஆளின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும்.

எத்தனையோ வீட்டுக்குப் புள்ளிக்கோடு போட்டவர்தான். சாப்பாடு இறங்காமல் போனதில்லை. அவருடைய தங்கையின் மூத்தார், அவள் கணவரின் அண்ணன், படியேறி வருகிற வரைக்கும்.

"என்ன மச்சான் உங்க படி! நிலத்த பிரிக்க வர்றவன் பாதி வழியிலயே வித்துட்டுப் போயிடுவான் போல" என்று மூச்சு வாங்க உட்கார்ந்தார் மூத்தார். நீளவாக்கில் கிடக்கும் குடும்ப நிலம் முழுக்க அவர் பேரில். அதன் கடைசி முனையில் அவருடைய தம்பி இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கட்டியிருந்தார். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மனைவி, கோட்டுக்காரரின் தங்கை, அந்த வீட்டிலேயே தையல் மெஷினை ஓட்டிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மனை வரணும் மச்சான். வண்டி திரும்புற வட்டம் கடைசியில வந்துடட்டும்."

"கடைசியில தங்கச்சி வீடு இருக்கே."

"அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்? வெளியாள் போய்க் கேட்டா ஊரைக் கூட்டுவா. அண்ணன் நீங்க நீட்டினா கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவா. நான் என்ன அவள நடுத்தெருவுலயா விடறேன்? முன்னாடி ஒரு மனை அவ பேருக்கே எழுதித் தர்றேன்."

"வெறும் மனையில எங்க படுப்பா?"

"கட்டிக்கட்டும். அதான் தைக்கிறாளே."

முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் மறுத்தால் இன்னொருவன் போடுவான். தான் போட்டால் அந்த வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏதாவது வழி கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. அளந்து பார்த்தால்தானே தெரியும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு கிளம்பினார். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டேப்பும் கையுமாக அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னண்ணா, என் பங்க பிரிச்சுத் தரப் போறாரா உன் மச்சான்?"

"பார்க்கலாம்மா."

ரவிக்கை வாங்க வந்தவளைக் காக்க வைத்துவிட்டு, டேப்பின் மறுமுனையை அவளே ஓடி ஓடிப் பிடித்தாள். "எங்கண்ணன் அளந்தா அளந்ததுதான். நான் வெட்டினாத்தான் ஒரு விரல் கூடும், ஒரு விரல் குறையும்" என்று வந்தவளிடம் பெருமை வேறு. வந்தவள் விடவில்லை: "எனக்கு எப்பவும் குறையத்தானே செய்யுது!" சமையலறையில் ஒரு கோணல் அலமாரி. "இது அவரு அடிச்சது. படத்துல நேரா போட்டுடாதே, கோணலாவே போடு" என்று புருஷன் நினைப்பில் சிரித்தாள் தங்கை. கோட்டுக்காரர் அளவைக் குறிக்கிற சாக்கில் குனிந்தே இருந்தார்.

அறைக்குத் திரும்பி வட்டத்தை அங்கே இழுத்துப் பார்த்தார், இங்கே இழுத்துப் பார்த்தார். வேறு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஓர் இடம் இருந்தது. ஆனால் மூத்தாருக்கு இரண்டு மனை போகும். போனில் சொன்னதும் மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"மச்சான், நீங்க எனக்குப் படம் போடறீங்களா, உங்க தங்கச்சிக்கா?"

வட்டத்தைக் கடைசி முனையிலேயே வைத்து வரைந்து, அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். என்றைக்கும் பார்க்காத குமாஸ்தா அன்றைக்கென்று படத்தை விரித்துப் பார்த்தார்.

"சார், கையெழுத்துத் தாள் இல்ல. அது கிடக்கட்டும், வட்டத்துக்கு நடுவுல முழுக்கோட்டுல ஒரு வீடு நிக்குதே! தீயணைப்பு வண்டி வீட்டுக்குள்ள பூந்து திரும்புமா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அந்த நாலு சுவரையும் தான் முழுக்கோட்டில் போட்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு, கையெழுத்துத் தாளோடு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

தாளைப் பார்த்ததும் அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பேனாவைத் தேடினாள். படிக்கவே இல்லை. "எங்கண்ணா போடணும்?"

தாளை அவள் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டார் கோட்டுக்காரர். "போடாதே. இது வீட்ட இடிக்கறதுக்குச் சம்மதம்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"அன்னைக்கு அளக்க வந்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னைப் பிடிக்க வச்சியா? என் வீட்ட இடிக்கறதுக்கு என் கையாலயே பிடிக்க வச்சியேண்ணா! உன் மச்சானாவது புகுந்த வீட்டு ஆளு. நீ?"

வாசலைக் காட்டினாள். அவர் எழுந்து வந்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை விவகாரம். மூத்தார் வேறொரு வரைபடக்காரனைப் பிடித்தார். அவன் கெட்டிக்காரன். படம் அலுவலக வாசல் பலகையில் ஆட்சேபணைக்காக ஒட்டப்பட்டபோது கோட்டுக்காரரும் போய்ப் பார்த்தார். வட்டத்துக்குள் புள்ளிக்கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், 'பயன்பாட்டில் இல்லாத கொட்டகை'. கொட்டகையில் ஆள் குடியிருக்க முடியாது. ஆள் இல்லையென்றால் கையெழுத்தும் தேவையில்லை. தங்கைக்குப் போன் போட்டார்; அவள் எடுக்கவில்லை.

மறுநாள் அவளே படியேறி வந்தாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. தண்ணீர் நீட்டினார், தொடவில்லை.

"போர்டுல பார்த்தேன். மெஷின் ஓடுது, அடுப்பு எரியுது. அது கொட்டகையாம்."

"விசாரணை வைப்பாங்கம்மா. ஆட்சேபணை எழுதிக் குடுத்தா அதிகாரி கேட்டுத்தான் ஆகணும்."

"எழுதிட்டேன். அது வீடுதான்னு தொழில் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து சொல்லணுமாம். குமாஸ்தா சொன்னார்."

கோட்டுக்காரர் எதிரே இருந்த அலுவலகத்தைப் பார்த்தார். அங்கே போய் நின்றால் மூத்தார் சும்மா இருக்கமாட்டார். நீதானே முதல் படம் போட்டவன், நீதானே வட்டத்தை அங்கே வைத்தவன் என்று எல்லார் முன்னாலும் கேட்பார். இல்லையென்று சொல்ல முடியாது. நாளைக்கு இந்தப் படியில் எவன் ஏறுவான்?

"நான் இப்ப தங்கச்சியா வரல" என்றாள் அவள். "உங்க கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க. வர முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லுங்க, வேற ஆள பார்க்கணும்."

பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட வாயில் 'உங்க' என்று வந்தது.

"வர்றேன். எல்லாத்தையும் சொல்றேன். நான் செஞ்சதையும் சேர்த்து."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்றாள்.

"அங்க வந்து சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம், நாம பேசறதா வேண்டாமான்னு."

கீழே ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் அவள் படி இறங்கியது கேட்கவில்லை.