பின்னால் கேட்கும் சத்தம்

ஒரு பாட்டை ஜனங்களுக்கு நடுவே வைத்துப் பதிவு செய்தார்களா, கதவை மூடிக்கொண்டு பதிவு செய்தார்களா என்பதை என் தம்பி கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவான். "எவனாவது இருமுனான்னா அது உசுரோட கீற பாட்டு. ஒருத்தனும் இருமலன்னா செத்த பாட்டு" என்பான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரையான்சாவடியில் லோடு ஆட்டோ ஓட்டினான். அவன் பென்டிரைவ் முழுக்க கானா நிகழ்ச்சிகளின் பதிவுகள்தான். சாவு வீட்டிலும் காதுகுத்திலும் ஆடித் திருவிழாவிலும் யாரோ போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தவை. பாட்டுக்கு நடுவே குழந்தை அழும், ஒருவன் தண்ணீர் கேட்பான், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிற பஸ் ஹாரன் அடிக்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் அவன் பாட்டு என்று சொன்னான்.

எங்கள் வீட்டில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். எங்கள் தெருவிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போன பெண்கள் உண்டு; கூட்டிப் பெருக்கப் போனார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போன முதல் பெண் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். தம்பிக்கும் அதில் பெருமை உண்டு, அவனுக்குத் தெரிந்த விதத்தில். நான் வேலை முடிந்து தெருமுனையில் இறங்கினால், "டேய், கலெக்டரம்மா வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கடா" என்பான். அவன் சிநேகிதர்கள் உண்மையிலேயே எழுந்து நிற்பார்கள், சல்யூட் வேறு.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. கோயம்புத்தூர், நாகர்கோவில், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து அம்பத்தூர் பக்கம் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருந்தவர்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு பாட்டை வாட்ஸ்அப் குழுவில் அனுப்ப வேண்டும். ஒன்று, மேடையில் நேராக எடுத்த பதிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால், பழைய பாட்டுகளின் துண்டுகளை வைத்துச் செய்த ஹிப்-ஹாப் மிக்ஸாக இருக்க வேண்டும். வேறெதுவும் கூடாது. ஒரு பழைய ரெக்கார்டில் யாரோ ஊதிய ஒரு மூச்சை அறுத்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் டிரம்மை வைப்பார்கள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு அதுவே பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்பேன். நல்லதைத் தம்பிக்கும் அனுப்புவேன்.

"இன்னாக்கா இது, பாட்ட கொத்து பரோட்டா போட்டு வச்சிக்கிறான்?" என்று போன் செய்வான்.

"பிடிக்கலையா?"

"கொத்து பரோட்டா புடிக்காதவன் எவன் கீறான்? இன்னொன்னு அனுப்பு."

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருந்த இடத்தில், ஒரு காலை, அவன் ஆட்டோவை லாரி இடித்தது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் என் எண்ணுக்குத்தான் அழைத்தார்கள். மறுநாள் முற்பகலில்தான் உடம்பைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால் உடம்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காகிதங்களுக்காக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தது நான். வீட்டுக்கு வந்தபோது சடங்குகள் பாதி முடிந்திருந்தன. கானாவும் முடிந்திருந்தது.

சாவு வீட்டில் கானா பாடுகிறவர் முதலில் சொந்தக்காரர்களிடம் பெயர்களைக் கேட்டுக்கொள்வார். செத்தவர் பெயர், அம்மா பெயர், கூடப் பிறந்தவர்கள் பெயர். எல்லாம் பாட்டுக்குள் வரும். செத்தவர் பெயர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் வந்து விழும். அன்றும் அப்படித்தான். தம்பியின் நெருங்கிய சிநேகிதன் ஒருவன், அவனும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்தான், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்திருந்தான். காரியம் முடிந்த பிறகு எனக்கு அனுப்பினான். "உனுக்குன்னுதான் புடிச்சேன்க்கா. நீ அங்க இல்லியே."

அந்தப் பதிவில் டோலக்கு கேட்கும். பாடுகிறவரின் கரகரத்த குரலில் தம்பியின் பெயர் கேட்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அதற்குப் பின்னால் அம்மா அழுவாள். "என் ராஜாவே" என்று நீளமாக இழுத்து, முடிவில் மூச்சு அறுந்து, ஒரு விக்கல் போல உள்ளே போய்விடும். அதன்மேல் அடுத்த அடி வந்து தம்பியின் பெயரில் விழும். அதை நான் பஸ்ஸில் நாள் தவறாமல் கேட்டேன். நான் இல்லாத அந்த ஒரு மணி நேரத்துக்குள் போக எனக்கு வேறு வழி இல்லை.

அலுவலகத்தில் மேனேஜருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். மற்றவர்களிடம் வீட்டில் ஒரு வேலை என்று சொல்லியிருந்தேன். யாரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பது எனக்கு ஆகாது. சில மாதங்கள் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தஞ்சாவூர்க்காரி கேட்டாள்: "எப்பப் பாத்தாலும் வெளிநாட்டு மேடையாவே போடுறோம். உங்க ஏரியா லைவ் ஒண்ணு போடேன்."

எங்கள் பக்கத்துக்கும் மேடை உண்டு என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. இதைவிட நல்ல பதிவு என்னிடம் எதுவும் இல்லை. அனுப்பினேன். "எங்கள் பகுதியில் சாவு வீட்டில் பாடிய கானா" என்று மட்டும் எழுதினேன். அன்று குழுவில் வந்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. அதை அனுப்பியதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. கேட்கிறவர் குரல்வளையைப் பிடித்து நிறுத்திக் கேட்கவைக்கிற பாட்டு அது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்களோடு இருந்தார். லேப்டாப்பில் சொந்தமாக மிக்ஸ் செய்வார். அடுத்த வாரம் மேசைமேல் ஸ்பீக்கரை வைத்து, "இதைக் கேளுங்க" என்றார். கனமான டிரம். டோலக்கிலிருந்து ஒரு துணுக்கு. பிறகு என் தம்பியின் பெயர். பெயர் மட்டும். மூன்று தடவை, நாலாவதாகப் பாதியில் வெட்டிய பெயர். அதற்கு மேலே மெல்லியதாக, உயரத்தில், ஒரு சத்தம் வளைந்து வந்து விக்கி நின்றது.

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள்.

"மேல வர்றது என்ன, புல்லாங்குழலா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லைங்க. பின்னாடி ஒரு அம்மா அழுதுட்டிருந்தாங்க. அதை மட்டும் பிரிச்செடுத்து சுருதிய மேல ஏத்தினேன். அந்த விக்கல் இருக்குது பாருங்க, அதுதான் தாளத்துல கரெக்டா உக்காருது."

"செம."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். எப்படிங்க இருக்குது?"

நன்றாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அது மோசமாக இருந்திருந்தால் அங்கேயே எழுந்து கத்தியிருப்பேன். "நல்லாருக்கு" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

மாலையில் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அந்தப் பெயர் யாருடையது, அந்த அம்மா யார் என்று. அவருக்கு முகம் செத்துவிட்டது. "ஏனுங்க, நான் அதைப் பாட்டோட வர்ற சும்மா ஒரு வார்த்தைன்னு நினைச்சேனுங்க" என்றார். செத்தவரின் பெயரைப் பாட்டில் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அவர் ஊரில் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எங்காவது கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம். அவர் அந்த மிக்ஸை இணையத்திலும் போட்டிருந்தார்; தன் பக்கத்திலிருந்து அதை உடனே எடுத்துவிட்டார். அதற்குள் யார் யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். வேகமாக்கி ஒருவன் போட்டான், இழுத்து ஒருவன் போட்டான், அதற்கு ஆடி நிறையப் பேர் போட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகக் கெஞ்சி எழுதினார். ஒன்று போனால் வேறு இடத்தில் இன்னொன்று முளைத்தது.

அம்மா அதைக் கேட்டுவிடக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். அம்மா வைத்திருந்தது பட்டன் போன். அதனால் வீட்டுக்குள் பயமில்லை. வெளியேதான் எல்லாம். ஷேர் ஆட்டோவில் ஒருநாள் ஓடியது. நான் மட்டும் இருந்தேன்.

"அண்ணா, அதை மாத்துங்க."

"ஏம்மா, சூப்பரா கீதே."

"மாத்துங்கண்ணா. தலை வலிக்குது."

"பாட்டுக்கெல்லாமா தல வலிக்கும்? நல்லா படிச்சவங்க பாட்டா கேப்பீங்க போல" என்று சிரித்துக்கொண்டே மாற்றினார்.

பிறகு அந்தப் பெயர் பாட்டை விட்டும் வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் கல்லூரிப் பையன்கள் ஒருவனையொருவன் மச்சான் என்று கூப்பிடுவதற்குப் பதிலாக அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மூன்று தடவை, நாலாவது பாதியில். முதல் தடவை நான் திரும்பிப் பார்த்தேன். அவனைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

தம்பி போய் முதல் வருச நாள் வந்தது. தம்பியின் சிநேகிதர்கள் எல்லாரும் சேர்ந்து தெருவில் பந்தல் போட்டு, அவன் படத்தோடு பேனர் கட்டி, அதே பாடகரை வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாளே பதிவு எடுத்தவனைத் தனியாகப் பிடித்தேன்.

"நாளைக்கு ஸ்பீக்கர்ல அந்த மிக்ஸ் போடக் கூடாது."

"ஏன்க்கா? அவன் பேரு எங்கெங்கியோ போய்கினு கீது. துபாய்ல கீற நம்ம பையன் ஒருத்தன் போன் பண்ணி அழுவுறான். நம்ம ஆள எல்லாருக்கும் தெரியுதுக்கா."

"அதுல அம்மா அழுவுறது வருது."

"அம்மாவா? எங்க?"

இயர்போனை அவன் காதில் வைத்துக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான். அன்று அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். "இதுவா?" என்றான். "நான் மிஷினுன்னு நெனச்சேன்க்கா." பிறகு சத்தியம் செய்தான். ஸ்பீக்கரில் போட மாட்டார்கள். யாரையும் போட விட மாட்டான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். ஸ்பீக்கரில் போடவில்லை.

சாப்பாடு முடிந்து வெயில் இறங்கிய நேரத்தில் பாடகர் ஆரம்பித்தார். அம்மா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். முதல் அடி முடிந்து தம்பியின் பெயர் வந்தது. உடனே பின்னாலிருந்து பையன்கள் அதை மூன்று தடவை சொன்னார்கள், நாலாவதைப் பாதியில் வெட்டினார்கள். பாடகர் சிரித்தார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அடுத்த அடியில் அவரே மூன்று தடவை பாடினார். டோலக்குக்காரர் டிரம் மாதிரி அடித்தார். அப்போது பையன்கள் மேலே வருகிற அந்தச் சத்தத்தையும் போட்டார்கள்.

அந்த உயரத்துக்கு ஆண்பிள்ளைக் குரல் போகாது. அதனால் கீழே இறக்கிப் பாடினார்கள். இழுத்து, வளைத்து, முடிவில் விக்கி. ஏற்றிய சுருதியை அவர்களையறியாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எழுந்து போய் நிறுத்தலாம் என்று நினைத்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். கேலி எதுவும் இல்லை. சிலர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. எதைச் சொல்லி நிறுத்துவது?

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"பாட்டுல இன்னாத்துக்கு இப்டி வருது?"

"சும்மா ஒரு ஸ்டைல்மா."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அவர்கள் போட்டார்கள்.

"அது நான்தான?" என்றாள்.

  அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அது போதுமாக இருந்தது அவளுக்கு. திட்டவில்லை. யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. "அன்னிக்கு நான் அவ்ளோ நேரமா அழுதேன்?" என்று மட்டும் கேட்டாள். அது துண்டு, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள் என்று நான் விளக்கவில்லை.

பாட்டு முடிந்த பிறகு ஆவடியிலிருந்து பெரியம்மா வந்தாள். ரயில் ஏறி, பஸ் மாறி வந்ததில் நேரமாகிவிட்டது அவளுக்கு. பந்தலுக்குள் நுழையும்போதே மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். இப்படி வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர்களும் அழ வேண்டும்; எங்களில் அதுதான் முறை. அம்மா எழுந்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். பெரியம்மா சத்தமாக அழுதாள். அம்மாவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "என்" என்று ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. பிறகு முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

பெரியம்மாவின் தோளுக்கு மேலே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து சொன்னாள்.

"எவனாவது போன் புடிச்சிகினு கீறானா பாரு."

பார்த்தேன். பந்தலில் எல்லார் கையிலும் போன் இருந்தது.

"இருக்காங்கம்மா" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். முந்தானையை எடுக்கவில்லை. இப்போது வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருக்கிறோம். அப்படியும், அவனை நினைத்து அழுகை வந்தால், என் போன் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கிறாள்.