பங்கஜத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிய கதை

லூர்துராணி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் துணி தைத்துப் பிழைத்தவள். புருஷன் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டான். பேட்ரிசியா என்று ஒரே மகள். குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார்கள். 1958-ஆம் வருஷம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ஐந்நூறு பேரை வயிறு நோகச் சிரிக்க வைத்தவள் அவள்தான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுத்த சடகோபனுக்கு மட்டும் மன்றத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் தொங்குகிறது, போதாததற்கு மாலை வேறு. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நாடக மன்றம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேடை, தரையில் பாய், முன்னால் ஒரு வரிசை நாற்காலி. அதில் வாரம் ஒரு சிரிப்பு நாடகம். ஒர்க்ஷாப் ஃபிட்டர் வெள்ளைச்சாமி எழுதி அவனே நடிப்பான். ஆட்கள் மாறமாட்டார்கள், சண்டை மட்டும் வாரத்துக்கு ஒன்று புதிது. பதினெட்டாம் நம்பர் வீட்டுக்காரன் வெள்ளைச்சாமி. அடுத்த வீடான பத்தொன்பதில் பங்கஜம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய். குவார்ட்டர்ஸில் குடியிருந்தவனுக்கு அதற்குமேல் கதை எதற்கு? வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை.

முதல் வாரமே பங்கஜமாக வேஷம் கட்ட வேண்டியவன் நைட் ஷிப்ட் என்று வராமல் நின்றுவிட்டான். மேடைக்குப் பின்னால் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த லூர்துராணி அக்காவிடம், செங்கல் வரைந்த படுதாவுக்குப் பின்னால் நின்று வசனத்தை மட்டும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினோம். வசனத்தை அவள் சீந்தக்கூட இல்லை.

"ஏங்க பதினெட்டு! குழாயடியில குடத்த வெச்சுட்டுக் கொறட்ட விடப் போயிட்டீங்களா? இங்க என் சோறு அரை வேக்காட்டுல நிக்குது!"

ஆளைப் பெயர் சொல்லாமல் வீட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டது அவளுடைய சொந்தச் சரக்கு. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பங்கஜத்துக்கு இனி முகமே கிடையாது, குரல் மட்டும்தான் என்று வெள்ளைச்சாமி அன்றைக்கே முடிவு செய்தான். அவன் ஆயுசில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. பார்க்க வந்த ஒவ்வொருவனும் தன் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை அந்தக் குரலுக்கு ஒட்ட வைத்துக்கொண்டு சிரித்தான்.

மேடை ஏறுகிற பெண்ணுக்கு அந்த நாளில் என்ன பெயர் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்ரிசியாவுக்கு வரன் பார்க்கிற சமயம் வேறு. அதனால் அது யார் குரல் என்று வெளியே சொல்வதில்லை என்று மன்றத்தில் ஆறு பேர் சத்தியம் செய்தோம். வாரம் ஆறு நாளும் "கை இறுக்குது, கழுத்து தொங்குது" என்று கண்டவர்களின் ஏச்சையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். ஏழாம் நாள் அவள் பேச, ஊரே வாயை மூடிக் கேட்டது. "அந்த ஒரு மணி நேரந்தான் தம்பி, நான் உசுரோட இருக்கறதே எனக்குத் தெரியுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். மிகையில்லை, உண்மை.

எங்கள் கூட்டத்தை அளக்கிறவன் மூக்கன். கொட்டகையை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தான். சைக்கிளுக்கு ஒரு தகர வில்லை கொடுப்பான். எத்தனை வில்லை போயிற்று என்று நாடகம் முடிந்ததும் கேட்டுக்கொள்வோம். சனிக்கிழமைகளில் இருநூற்றைம்பதுக்குக் குறைந்ததே இல்லை. பின்சீட்டில் பெண்டாட்டி, முன்கம்பியில் பிள்ளை என்று பார்த்தால் கொட்டகை நிரம்பிவிடும்.

இனி செயலாளர் சடகோபன். ஆபீசில் ஹெட்கிளார்க். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர். நாடகத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டுந்தான். அவருடைய மேலதிகாரிக்குச் சனிக்கிழமை சாயந்திரம் கிளப்பில் சீட்டாட்டம், வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. அந்த ஒரு நாற்காலிக்காக இந்த மகானுபாவர் ஐந்நூறு பேருடைய பாயைச் சுருட்டி வெள்ளிக்கிழமையில் போட்டார். அதிகாரியின் சம்சாரம் வேறு, "அந்தப் பங்கஜத்தக் காட்டவே மாட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறாள். உடனே பங்கஜத்துக்கு முகம் வைப்பதென்றும் தீர்மானமாயிற்று. கமிட்டியில் வெள்ளைச்சாமி முனகினான். நான் அதுகூடச் செய்யவில்லை. அதிகாரி பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் முதுகெலும்பு இளகிவிட்டது.

அது மறுவருஷம் தபசுகாலம் தொடங்கிய வாரம். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளில் கத்தோலிக்கக் குடும்பங்களில் கேளிக்கை கிடையாது, வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கண்டிப்பு. குவார்ட்டர்ஸில் பாதி கத்தோலிக்கர்கள். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? அக்கா நேரில் போய்ச் சொன்னாள்.

"தபசுகாலத்து வெள்ளிக்கெழம நான் சிரிப்பு நாடகத்துல பேச முடியாதுங்க. மனசு ஒப்பாது. சனிக்கெழமையே வெச்சுக்குங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பேஷா விரதம் இரும்மா, யாரு வேண்டாங்கறா? முகம் காட்டறதுக்கு டவுன்லேர்ந்து ஒருத்திய ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார் சடகோபன்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. ஜரிகைச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், உதட்டுச் சாயத்தோடு படுதாவை விலக்கிக்கொண்டு பங்கஜம் வந்து நின்றாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லமாட்டேன், கொடுத்த வசனத்தைத்தான் ஒப்பித்தாள். ஆனால் குழாயடியில் குடத்தோடு மல்லுக்கட்டுகிறவள் அப்படியா இருப்பாள்? கொட்டகையில் எண்பது பேர் இருந்தால் அதிகம். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. சடகோபன் முன்வரிசையில் அதிகாரி பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் அதிகாரிக்கு முதுகைக் காட்டியதாகிவிடுமாம். சத்தமே வராததற்கும் அவரே விளக்கம் சொன்னார், ஜனங்கள் பண்போடு ரசிக்கிறார்களாம்.

முடிந்ததும் நேரே மூக்கனிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"எத்தனை வில்லை?"

"முந்நூத்திப் பன்னண்டுங்க சாமி. ஆனா அதுல முக்காவாசி கோயிலுக்கு வந்த சைக்கிளுங்க."

அவன் சொன்ன கோயில், ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதா கோயில். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்கே சிலுவைப்பாதை. வந்த சனமெல்லாம் மூக்கனிடம் சைக்கிளை விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போயிருந்தது. ஸ்ரீரங்கத்துக்காரருக்கோ உலகத்தில் கோயில் என்றால் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அங்கே தாயார் புறப்பாடு வேறு. மனுஷர் பூரித்துப்போனார்.

"பார்த்தேளா! கோயிலுக்குப் போறவாள்ளாம் தாயார் சேவையக்கூட விட்டுட்டு நம்ம நாடகத்துக்கு வந்திருக்கா!"

மூக்கன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் மன்றத்துப் பலகையில், வெள்ளிக்கிழமையும் புதுப் பங்கஜமும் கூட்டத்தைக் கூட்டிவிட்டதாகச் சடகோபன் கையெழுத்தோடு அறிக்கை ஒட்டியிருந்தது. ஐந்து வெள்ளிக்கிழமை இந்தக் கூத்து நடந்தது. உள்ளே பாய் காலியாக ஆக, வெளியே சைக்கிள் கூடிக்கொண்டே போயிற்று.

ஈஸ்டர் கழிந்த வெள்ளிக்கிழமை மொத்தம் இருபத்தேழு வில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெள்ளைச்சாமிக்கு எழுத வரவில்லை, தகரம் காய்கிறது, பாயில் மூட்டைப்பூச்சி என்று சடகோபன் கண்டதையெல்லாம் பழித்தார். கடைசியில் மூக்கன்தான், "சிலுவப்பாத முடிஞ்சுபோச்சுங்களே சாமி, இனிமே யாரு வருவா?" என்று போட்டு உடைத்தான். அதற்குள் அதிகாரிக்கும் நாடகம் புளித்துவிட்டது. சடகோபன் சத்தமில்லாமல் நாடகத்தைச் சனிக்கிழமைக்கே திருப்பினார். டவுன் பெண்ணை நிறுத்திவிட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னார். ஒரு மன்னிப்பு உண்டா? அவரெல்லாம் எங்கே கேட்பார்.

அக்கா வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். படுதாவுக்குப் பின்னால் நிற்பவளை யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் கட்டியிருந்தாள். இருநூறு சைக்கிள் வந்திருந்தது என்று நான் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைச்சாமி குடத்தைக் குழாயடியில் வைத்தான். அக்கா குரலெடுத்தாள். வரிக்கு வரி அதே குரல், அதே எகத்தாளம்.

முன்பாயில் ரெண்டு பேர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்.

"டேய், இது டூப்புடா! நெசப் பங்கஜத்த வெளிய விடுங்கடா!"

விசில் பறந்தது. பாதிக் கொட்டகை "பங்கஜம்! பங்கஜம்!" என்று கைதட்டியது. வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்தவர்களும் பலகை அறிக்கையை நம்பி, டவுன் பெண்ணின் கனகாம்பரமும் ஜரிகையும் கேட்டார்கள். தங்களை வருஷம் முழுக்கச் சிரிக்க வைத்த குரலை அடையாளம் தெரியாத ஜடங்கள். சடகோபனை மட்டும் திட்டி என்ன பயன்? அன்று நான் மேடைக்கு ஓடி, இதுதானடா நிஜம் என்று கத்தியிருக்கலாம். சத்தியம் செய்திருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பயந்தாங்கொள்ளி என்பதுதான் சரி.

அக்கா ஒரு வசனம்கூட விடவில்லை. அத்தனை கூச்சலிலும் கடைசி வரி வரைக்கும் பேசி முடித்தாள். பிறகு ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் சரியாயிடும்க்கா" என்றேன்.

"நான் யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான் தம்பி மறைஞ்சு நின்னேன். இப்ப நான் நானே இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. நாடகம் ஆடி மாதத்துக்குள் படுத்துவிட்டது. சடகோபனுக்கு அந்த வருஷமே பதவி உயர்வு கிடைத்தது. வைகாசியில் பேட்ரிசியாவுக்குக் கல்யாணம். விருந்தில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாயார் பக்கத்து இலைக்காரியிடம் மெச்சிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தியம்மா தங்கமானவங்க. அவங்க கொரல நான் இன்னும் கேட்டதே இல்லன்னா பாத்துக்குங்களேன்."