முழு விலை எழுதிய பத்திரம்

காட்டு நிலத்துக்கு விலை போடுகிற வேலை எனக்கு வந்தபோது வீட்டில் சிரித்தார்கள். கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரி சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறவன் நான். "உங்களையா விலை போட அனுப்பறாங்க? சர்க்காருக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று கேட்டாள் மனைவி. எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். அன்று சாப்பிடாமலே ரயிலேறிவிட்டு, கவரைப்பேட்டை வருவதற்குள் பசியில் அதற்காக வருந்தினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு மட்டும் வந்திருந்தது. கவரைப்பேட்டைக்கு மேற்கே, சைக்கிளில் ஒரு மணி நேரம் போனால் மேட்டில் ஒரு காப்புக் காடு. அதன் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடும்பங்களின் பட்டா நிலங்கள். அவற்றை உழ உழ, மழைக்கு மண் கரைந்து கீழே ஏரியில் போய்ப் படிந்தது. ஏரி மேடாகிக்கொண்டே வந்தது. அந்த நிலங்களை விலைக்கு வாங்கிக் காட்டோடு சேர்த்துவிடலாம் என்று வனத்துறை முடிவு செய்தது. பணம் சர்க்காருடையது. ஏக்கர் என்ன விலை என்று எழுதிக் கொடுக்க வேண்டியவன், நில எடுப்பு அலுவலகத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்த நான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். கூடப் போட்டால் தணிக்கைக்காரர் என் கழுத்தைப் பிடிப்பார். குறைத்துப் போட்டால் குடியானவர் வயிற்றில் அடித்த பாவம் என் தலையில். நிலத்தை நடந்து பார்க்க வேண்டும், மண்ணின் தரம் பார்க்க வேண்டும், மரங்களைத் தனியாக எண்ண வேண்டும். அதன்பின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், கடந்த மூன்று வருடத்தில் பக்கத்து நிலங்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று பத்திரங்களைப் பார்த்து, அதில் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் அந்த மாதிரிப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

முதல் நாள் ஊர்த் தலையாரி என்னோடு வந்தார். ஒடிசலான மனிதர். ஊரில் நடந்த எல்லாவற்றையும், நடக்காததில் பாதியையும் அறிந்தவர். முதல் நிலத்தில் கால் வைத்ததுமே எனக்கு ஆச்சரியம். பொட்டல் மேட்டில் வரிசையாக மாங்கன்றுகள், இலை மினுமினுக்க நின்றன. மரத்துக்குத் தனியாக விலை உண்டு என்ற செய்தி எனக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. நான் குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கீரைக்கட்டு மாதிரி கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. கத்தியால் வெட்டிய கிளை.

"இன்னாய்யா இது?" என்று கத்தினேன்.

தலையாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நேத்து சாயங்காலம் வரைக்கும் இது கீழ மாந்தோப்புல இருந்துச்சி சார்" என்றார்.

அடுத்த நிலம் ஒரு விதவைப் பெண்மணியுடையது. நாற்பது வயதிருக்கும், என் வயதுதான். நான்கு ஏக்கர். அங்கே ஒரு மாங்கிளைகூட இல்லை. வேர்க்கடலை போட்டிருந்த நிலம் முழுக்கக் குழி குழியாகக் கிடந்தது.

"எண்ணிக்கோங்க சார், மரம் ஒண்ணும் கெடையாது. ரெண்டு பனை, அதுவும் ஆண் பனை" என்று அவரே சொன்னார். "காட்டுப் பன்னிக்குக் கடலை வெளைய வெச்சி வெச்சி எனக்கு அலுத்துப் போச்சி. காடு எடுத்துக்கினா எனக்கு நிம்மதி. ஆனா ஞாயமா போடுங்க."

அந்த நியாயத்தின் பின்னால் இருந்ததையும் சொன்னார். ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை விலைக்கு வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் தை மாதம் வரை காத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மேட்டு நிலத்துக்கு நியாயமான விலை வந்தால் அந்த நஞ்சையை வாங்கிவிடலாம். வராவிட்டால் காடும் போய், வயலும் போய், இரண்டு பெண் குழந்தைகளோடு கூலிக்குத்தான் போக வேண்டும்.

அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, வந்த வேலையை விட்டுவிட்டு என் பெருமையையும் கொஞ்சம் பேசினேன். திருநின்றவூரில் அப்போதுதான் ஒரு மனை வாங்கியிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், வீடு கட்டிவிட்டால் ரயிலில் வேலைக்குப் போய்வரலாம் என்றெல்லாம் சொன்னேன். "மவராசனா கட்டுங்க சார்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது.

மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினேன். அந்த மேட்டில் கைமாறிய நிலம் எல்லாம் ஏக்கர் முந்நூறு ரூபாய். ஒன்று இருநூற்றெண்பது. மூன்று வருடத்துக்கு முன் அந்த அம்மாளே தன் பங்காளியிடமிருந்து வாங்கிய பத்திரம்கூட முந்நூறுதான். நிஜ விலை தொள்ளாயிரம் என்று எனக்குத் தெரியும். ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு விலையைத்தான் எழுதியிருந்தார்கள்.

அன்று மாலையே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் கத்தினேன். "ஏம்மா, தொள்ளாயிரம் கொடுத்து வாங்கிட்டு முந்நூறுன்னு எழுதினா, நான் முந்நூறுதானே போட முடியும்? சர்க்கார் காகிதத்தைத்தானே பார்க்கும்?"

"ஊரே அப்டித்தான சார் எழுதுது. பத்திரம் எழுதறவரே, எவ்ளோ கொறைக்கலாம்னுதான கேக்கறாரு?"

"ஊர் எழுதினா நீங்களும் எழுதணுமா? பொய் எழுதினா என்னைக்காவது அது நம்மையே வந்து கடிக்கும்!"

பெரிய அரிச்சந்திரன் மாதிரிப் பேசிவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ அந்த வயலு எனக்கில்லையா சார்?" என்று மட்டும் கேட்டார். கத்தியதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் மறுபடியும் பதிவேட்டில் உட்கார்ந்தேன். இப்போது ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்துப் படித்தேன். மத்தியானம் அகப்பட்டது. இரண்டு ஏக்கர், அந்த அம்மாளின் நிலத்தோடு ஒரே வரப்பு, அதே மண் தரம், போன வருடத்துக் கிரயம். ஏக்கர் தொள்ளாயிரம் ரூபாய்! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். குமாஸ்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆனால் எங்கள் ஸ்பெஷல் தாசில்தார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லாம் ஒரு விலையாக இருக்க ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அது ஏதோ பொய் விலை என்று சிவப்பு மையால் அடித்துவிடுவார். "அந்த விலை நிஜம்னு வாங்கினவன் வாக்குமூலம் கொடுக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

வாங்கியவர் யார் என்று தலையாரியைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, நம்ம முழுப்பத்திரம்!"

ரயில்வே கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் அது. நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர் அவருடைய மாமனார். ஆந்திரா எல்லைப் பக்கத்து மனிதர், மாப்பிள்ளையைக் காலணாவுக்கு நம்பாதவர். பதிவன்று கூடவே வந்து உட்கார்ந்து, "நா இச்சின டப்பு, குடுத்த பணம், எவ்ளோவோ அவ்ளோ எழுது, ஒரு ரூபாய் கொறையக் கூடாது" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். பத்திரச் செலவு மூன்று பங்கானது. ஊரே கைகொட்டிச் சிரித்து அந்தப் பெயரை வைத்துவிட்டது.

நான் டீக்கடைக்குப் போனபோது அங்கே நாஷ்டாவுக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"அது நெஜ வெலை இல்ல சார்" என்றார். "முந்நூறுதான் குடுத்தேன். மாமனாருக்காக சும்மா தொள்ளாயிரம்னு எழுதினது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ மீதிப் பணம்?"

அவர் கண்ணடித்துச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். நாஷ்டாக்காரர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது தலையாரிதான் எனக்கு விளக்கினார். அந்தக் கதை சுத்தப் பொய். கிண்டல் தாங்காமல், மாமனாரை ஏமாற்றி மீதியை அமுக்கிவிட்டதாக அந்த ஆளே கட்டிவிட்டது. அதைச் சொன்ன பிறகுதான் கடையில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்ததாம். ஏமாந்தவன் என்ற பெயரைவிடத் திருடன் என்ற பெயர் அவருக்குத் தேவலை! இப்போது நிஜத்தை எழுதிக் கொடுத்தால் மறுபடியும் ஏமாந்தவன். தலையில் அடித்துக்கொண்டேன். இந்த வீம்புக்கு ஒரு பெண்ணின் வயல் போக வேண்டுமா?

விஷயம் அந்த அம்மாளின் காதுக்கு எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை, தலையாரி இருந்தார். மறுநாள் காலை நான் இன்னொரு தரம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று டீக்கடைக்குப் போனால், அந்த அம்மாள் எனக்கு முன்பே அங்கே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, முந்நூறுதான் குடுத்தியா?"

"ஆமாக்கா. அதான் சாரு கையில சொல்ட்டேனே."

"சரி. மீதிய அமுக்கிக்கினே."

"ஆமா."

"நல்லது நைனா. எம் மச்சினன் இன்னிக்கி மத்தியானம் வண்டி ஓட்டிக்கினு உங்க மாமனார் ஊருக்குத்தான் போறான். அவரு கையில இத சொல்லிட்டு வரச் சொல்றேன். உங்க மாப்ள சாமர்த்தியசாலி, உங்க பணத்துல மூணுல ரெண்டு பங்கு அவரு பையில கீதுன்னு."

டீக்கடைக்காரர் பாலைக் கீழே வைத்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யக்கா, பேஜாரு பண்ணாதக்கா. அந்தாளு அரிவாளோட வருவாரு."

"வரட்டும். ஊரே பாக்கட்டும்."

"சார்" என்றார் என்னிடம், அழாத குறையாக, "பேனா குடுங்க."

அங்கேயே, டீ பெஞ்சின் மேல் தாளை வைத்து, ஏக்கர் தொள்ளாயிரம் ரூபாய் முழுத் தொகையும் கொடுத்து வாங்கினேன், இது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாஷ்டாக்காரர்களில் இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தேன். அவர்கள் "முழுப்பத்திரம், முழுப்பத்திரம்" என்று ஆரம்பித்தபோது அந்த அம்மாள் திரும்பி ஒரு முறை முறைத்தார். "இன்னா இளிப்பு? உன் நெலமும் அந்த மேட்டுலதான கீது? இவன் எழுதினதாலதான் உனக்கும் தொள்ளாயிரம் வரப்போவுது" என்றார். சிரிப்பு அப்படியே நின்றது. அது எனக்குக்கூட அதுவரை தோன்றவில்லை.

தாசில்தார் வாக்குமூலத்தை இரண்டு தரம் படித்தார். பக்கத்து வரப்பு, ஒரே தரம் என்று நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். "இதையே மாதிரியா வெச்சுக்குங்க" என்று ஓரத்தில் எழுதிவிட்டு மூடினார். அன்று வீட்டுக்குப் போகும்போது கத்தரிக்காய் வாங்கினேன், பேரம் பேசி. மனைவிக்கு நம்பிக்கையே வரவில்லை.

மேட்டு நிலக்காரர்கள் எல்லோருக்கும் அதே விலை வந்தது. மாங்கிளை நட்டவருக்கும்தான், கிளைகளுக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை. டீக்கடைக்காரரை ஊர் அதே பெயரில்தான் கூப்பிட்டது. ஆனால் இப்போது கூப்பிட்டுவிட்டு ஒரு டீயும் வாங்கிக் குடித்தார்கள்.

தை மாதம் வேறொரு வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எதிர்க் கொட்டகையில் பத்திர எழுத்தர் முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். புதுச் சேலை. பக்கத்தில் இரண்டு பெண்களும், வயலை விற்கிறவரும். என்னைக் கண்டதும் எழுந்து, "சார், வாங்க சார், நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று பெஞ்சில் இடம் பண்ணினார். நான் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தேன்.

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். "எவ்ளோ போடலாம்? பாதி போட்டுக்கலாமா?"

"முழுசா எழுதுங்க" என்றார் அம்மாள்.

"செலவு கூட ஆவும்மா."

"ஆவட்டும். நாளைக்கி இதுக்கும் எந்த சாரு வெலை போட வருவாரோ."

எழுத்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க. விவரம் தெரிஞ்ச யாராவது முழுசா எழுதுவாங்களா?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அந்த அம்மாள் கேட்டுவிட்டார், கபடமே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில். "ஆமா சார், திருநின்றவூர்ல மனை வாங்கினேன்னு சொன்னீங்களே. உங்க பத்திரத்துல இன்னா எழுதினீங்க?"

கொட்டகையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை நிலத்துக்கும் விலை சொன்ன எனக்கு, என் மனையின் விலை வாயில் வரவில்லை. காது சுட்டது. பாதிதான் எழுதியிருந்தேன். பாதிகூட இல்லை.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

"நீங்க எழுதுங்கய்யா, முழுசா" என்றார் எழுத்தரிடம். "சாரு சாட்சிக் கையெழுத்து போடுவாரு."

போட்டேன்.