நனையக்கூடாத இடம்

2025 ஜூலை 16, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். கணவருக்கு உப்பு சேர்க்காத மாவில் இட்லி ஊற்றினேன். அன்று அவர் குடிக்கலாம் என்ற அளவுக்குத் தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றி, மூடி, மேசைமேல் வைத்தேன். ஆறரைக்கு ஆட்டோ வந்தது. மண்ணூர்பேட்டையிலிருந்து அம்பத்தூர் டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் மூன்று நாள் இதே வழக்கம்.

இரண்டு கைகளிலும் ரத்தக் குழாய்கள் பழுதாகிவிட்டதால், அவருக்குக் கழுத்துக்குக் கீழே தோலைத் துளைத்து ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த இடம் நனையவே கூடாது. ஈரம் பட்டால் கிருமி நேராக ரத்தத்தில் கலந்துவிடும் என்று முதல் நாளே எச்சரித்தார்கள். அதனால் இடுப்பு வரைக்கும்தான் குளியல். மேலே ஈரத்துணியால் துடைப்பேன்.

அன்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே ரத்த அழுத்தம் இறங்கி அவர் நினைவிழந்தார். சிஸ்டர்கள் ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடித்தார்கள். கண் திறந்ததும் என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஞானஸ்நானம் எடுக்கணும்."

எத்தனையோ வருடமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டபோது என் கண் அந்தக் குழாய்மேல் போனது.

அவர் இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்குத் துணையாகத்தான் காட்டுப்பாக்கம் சபைக்கு வந்தார். பிறகு தானாகவே நம்பினார், தினமும் ஜெபித்தார். ஆனால் எங்கள் சபையில் தண்ணீருக்குள் முழுகி ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. தட்டு வரும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். போதகர் கேட்டால் ஒரே பதில்தான்: "அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வெக்கணும் பாஸ்டர். முங்கிட்டா வெக்க முடியாது. அம்மா காலத்துக்கு அப்புறம் எடுக்கறேன்."

மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. சர்க்கரைகூடக் கிடையாது. இவருக்கு ஐம்பத்து மூன்று. இந்த வரிசை மாறும் என்று யாரும் நினைக்கவில்லை.

மாலையில் போதகர் வீட்டுக்கு வந்தார். குழாயைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரதர், ஆண்டவருக்குப் பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன் எங்க முழுகினான்? அவர் அவனப் பரலோகத்துக்குக் கூட்டிட்டுப் போகலையா? உங்க விசுவாசம் போதும்."

"அவனுக்கு நேரம் இல்ல பாஸ்டர். எனக்கு இருந்துச்சே. நான்தான் தள்ளிகினே வந்தேன்."

"தலையில் மட்டும் தண்ணீர் ஊற்றலாமா?" என்று நான் கேட்டேன்.

"அத நாம ஞானஸ்நானமா எண்ணுறதில்லையே சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். திருநெல்வேலியில் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குத் தெளிப்பு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இந்தச் சபைக்கு வந்தபோது அது கணக்கில் சேராது என்றார்கள். சபை மேடையின் பலகைகளைத் தூக்கியதும், கீழே இருந்த தொட்டியில் இறங்கி நானும் மறுபடி முழுகினேன்.

போதகர் ஜெபித்துவிட்டுப் போனபின், "எங்கப்பா சபை மாதிரி ஒன்றிலிருந்து போதகர் ஐயரை வரச் சொல்லட்டுமா? தெளிப்பார்," என்று கணவரிடம் கேட்டேன்.

"உனக்கே அது செல்லாதுன்னுதானே திரும்ப முங்கின? எனக்கு மட்டும் செல்லுமா?"

வாசற்படியில் நின்று மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னாடா, நான் செத்துப் பூட்டாதான் முங்குவேன்னு குந்திகினு இருந்தியா? நல்லா கீதுடா! நான் எங்கடா போறேன், கல்லு மாதிரி கீறேன். கொள்ளிய சின்னவன் வெப்பான். நீ போய் முங்கினு வா நைனா."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. "இப்ப முடியாதும்மா. கழுத்தாண்ட குழா கீது. தண்ணி படக்கூடாது."

"அப்ப அத்தக் கழட்டச் சொல்லு."

"கழட்டிட்டா ரத்தத்த யாரு சுத்தம் பண்ணுவா, நீயா?"

மாமியார் மகனுடைய காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நான் இப்பிடியே பூட்டா, அங்க உன்கூட இருப்பேனா?"

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் வேத வசனத்தை நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். இரட்சிக்கப்படுகிறவனைப் பற்றிச் சொல்லும் முதல் பாதியில் நம்பிக்கையும் ஞானஸ்நானமும் சேர்ந்தே வருகின்றன. தண்டனையைச் சொல்லும் பின்பாதியில் நம்பாமை மட்டுமே இருக்கிறது, தண்ணீரைப் பற்றிப் பேச்சில்லை. இவரை எந்தப் பாதியில் வைத்துப் பார்ப்பார் கடவுள்? வேதாகமத்தை எடுத்து இரண்டு பாதிகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து மாறவில்லை.

"இருப்பீங்க," என்றேன்.

நான் அதை நம்பிச் சொல்கிறேனா என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போர்வையின் ஓரங்களைச் சரிசெய்தேன்.

மறுநாள் எழுந்ததும், மோட்டார் போடுவதற்கும் முன்னால், டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு நாள் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, மறுநாள் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டேன். அதெல்லாம் டாக்டரைத்தான் கேட்க வேண்டும், அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றார் சிஸ்டர். பரவாயில்லை, லைனிலேயே இருக்கிறேன் என்றேன்.