அண்ணன் மகனுக்கான இரங்கல்

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் முதியோர் பராமரிப்பு வேலையில் என் வலது மணிக்கட்டு பழுதானபோது, கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று சீனத் தூரிகையெழுத்து வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாய்தோறும் பின்னேரம், ஒரு பள்ளிக்கூட அறையில். ஆசிரியை சீனாவில் பிறந்தவர், டெனிஷில்தான் கதைத்துக்கொள்வோம்.

அந்தக் கார்த்திகையில் அவர் ஒரு பழைய எழுத்தின் நகலைப் பார்த்து எழுதத் தந்தார். நிதானமாகத் தொடங்கிய வரிகள் போகப் போகச் சரிந்தன. பல சொற்கள் வெட்டப்பட்டிருந்தன.

அந்த நாட்களில் என் கைபேசியில் ஒரு குரல் பதிவு இருந்தது. ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ரஷ்யாவரை போன என் அண்ணன் மகன் அனுப்பியது.

"மாமி, எங்களை ஆமியில சேர்த்துப்போட்டாங்கள். நாளைக்குச் சண்டைக்கு எங்கயோ கொண்டுபோகப் போறாங்களாம். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, அவருக்கு நெஞ்சு ஏலாது."

பிறகு அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணை கேட்கும்போதெல்லாம், "சிக்னல் இல்லாத இடமாக்கும்" என்றேன்.

மூன்றாம் செவ்வாய், இதை எழுதியவர் யார் என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"ஒரு பெரிய அமைச்சர். உள்ளதைச் சொல்லியே பலமுறை தலைநகரிலிருந்து துரத்தப்பட்டவர். ஒரு தளபதி கலகம் செய்தபோது, இவரும் இவருக்கு அண்ணன் முறையானவரும் எதிர்த்து நின்றார்கள். அண்ணனின் நகரத்தை எதிரி வளைத்துக்கொண்டான். பக்கத்திலிருந்த அதிகாரியிடம் படை இருந்தது. அவர் அனுப்பவில்லை. அண்ணனையும் மகனையும் கொன்றுவிட்டார்கள். மகனின் தலைதான் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கு எழுதிய இரங்கல் இது."

"அமைச்சருக்கு என்ன நடந்தது?"

"வயதான காலத்தில் அவரை இன்னொரு கலகக்காரனிடம் தூது அனுப்பினார்கள். திரும்பமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். போனார். அவனுக்குப் பணியவில்லை. கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்."

அமைச்சரைவிட, படையை வைத்துக்கொண்டு சும்மா இருந்த அந்த அதிகாரிதான் என் மனதை விட்டுப் போகவில்லை. வகுப்பு முடியுமுன் எழும்பி, காருக்குள் இருந்து அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த ஆமி?" என்றார். பிறகு, "உனக்கு எப்ப தெரியும்?"

"பதினெட்டு நாள், அண்ணை."

"நான் அண்டைக்கே கொழும்புக்குப் போயிருப்பன், பிள்ளை."

அடுத்த நாளே போனார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நானும் இங்கே கேட்கக்கூடிய இடமெல்லாம் அந்தக் குரல் பதிவை அனுப்பினேன். பெயரைப் பதிந்துகொண்டார்கள். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

அண்ணை இப்போது எனக்கு எடுப்பதில்லை. ஏதும் சொல்லவேண்டுமென்றால் என் கணவருக்குத்தான் எடுப்பார். கணவரின் தொலைபேசி மேசையில் அதிரும்போது, நாங்கள் இருவரும் உடனே கையை நீட்டுவதில்லை.