மதாமின் கழுத்து வார்

நான் குதிரை ஏறுவது தொடர்பாக எங்கள் வீட்டில் எழுத்து மூலமான ஒப்பந்தம் ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், எனக்குப் பதினொரு வயது. அப்பா புதுச்சேரியில் ஒரு நோத்தேரிடம், அதாவது பிரெஞ்சு முறைப் பத்திர அதிகாரியிடம், பத்திரம் எழுதும் குமாஸ்தா. பால்காரரிடம் சண்டை போடும்போதுகூட மேற்படி பால் என்றுதான் சொல்வார். அவரிடம் அழுது எதையும் வாங்க முடியாது. வாசகம் சரியாக இருந்தால் வாங்கிவிடலாம்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை விழுந்தால் அத்தோடு சரி, அதற்கப்புறம் வீட்டில் குதிரை என்ற பேச்சே இருக்கக் கூடாது. விழுவது என்றால் என்ன என்று நான் கேட்டேன். அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார்: பாதம் தவிர உடம்பின் எந்தப் பாகம் தரையில் பட்டாலும் விழுந்ததாகக் கொள்ளப்படும். மூன்று மாதம் பழகிய பிறகு அவரே நேரில் வந்து பார்ப்பார். அன்றும் விழவில்லை என்றால் அனுமதி நீடிக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக் கையெழுத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டபோது, உலை கொதிக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். பெரியப்பா மகன்தான் சாட்சி. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன்.

குதிரை மாமாவுடையது. மாமா அம்மாவுக்கு அண்ணன். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு அவரை சொல்தா என்றுதான் கூப்பிட்டது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த எல்லோருக்கும் ஊரில் அந்தப் பெயர்தான். மற்ற சொல்தாக்கள் பென்ஷனில் மாடி எழுப்பினார்கள். மாமா மட்டும் சென்னைப் பந்தயத்தில் ஓடித் தோற்று, வேண்டாம் என்று கழித்துவிட்ட பெண் குதிரை ஒன்றை வாங்கி வந்து, மூலக்குளத்தில் கிடந்த தன் காலி மனையில் கொட்டகை போட்டுக் கட்டினார். பிரெஞ்சில் சீமாட்டியைக் கூப்பிடுவதுபோல மதாம் என்று பெயர் வைத்தார். செம்பழுப்பு நிறம், நல்ல உயரம். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். கொஞ்சம் காக்க வைத்து, பிறகு திரும்புவாள். பெயர் பொருத்தமானதுதான்.

மதாமின் கழுத்தைச் சுற்றி, தோளுக்குச் சற்று மேலே, ஒரு தோல் வார் கட்டியிருக்கும். மாமாவே பழைய வார் ஒன்றை வெட்டிச் செய்தது. கடிவாள வாரைப் பிடிக்கும்போதே ஒரு விரலை இந்தக் கழுத்து வாரிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். குதிரை மிரண்டால் கடிவாளத்தை இழுக்காமல் கழுத்து வாரைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஏறுபவர் யாராக இருந்தாலும் இதுதான் முறை. முதல் நாள் மாமா எனக்குச் சொன்ன விளக்கம் மொத்தமும் இவ்வளவுதான்:

"பயமா இருந்தா இதப் புடி."

இப்படி ஒரு வாசகம் என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். பிற்காலத்தில் நானும் மாமா இருந்த அதே பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருஷம் கிடங்குகளிலும் விபத்துத் தடுப்புப் பிரிவிலும் இருந்து, முப்பத்தைந்து வயதில் பென்ஷனோடு ஊர் திரும்பினேன். ஏணியில் எப்படி ஏறுவது என்பதற்குக்கூட நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். பயமாக இருந்தால் என்று ஆரம்பிக்கும் விதியை எந்தச் சிப்பாயும் பின்பற்ற மாட்டான். பின்பற்றினால் பயந்தவன் என்று அவனே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பதினொரு வயதில் இதை இவ்வளவு கோவையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரில் விரலை மாட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காது சூடாகும்.

சூடு குறையாமல் அண்ணன் பார்த்துக்கொண்டான். "இன்னாடி, டவுன் பஸ்ல கம்பி புடிச்சிக்கினு போற மாதிரியே போற" என்பான். நாய்க்குத்தான் கழுத்தில் பட்டை கட்டுவார்கள் என்பான். அவன் இரண்டு முறை விழுந்திருந்தான், ஒரு முறை சாணத்தின் மேல். அவனுக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பையன் விழுந்தால் அது பழகுவது, நான் விழுந்தால் அது முடிவு. இதை அப்பாவிடம் கேட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு ஷரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பா பார்க்க வரும் நாளில் விழாமல் இருப்பது மட்டும் போதாது. பட்டையும் இல்லாமல் விழாமல் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஜூலை பதினாலு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் விழா. மற்ற சொல்தாக்களோடு போய் நின்றுவிட்டு, கோட்டும் பதக்கங்களுமாக மாமா மூலக்குளத்துக்கு வந்தார். அதற்குள் அண்ணன் சேணம் கட்டிவிட்டான். நான் கழுத்து வாரைக் கழற்றித் தவிட்டு மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தின் நகல் சட்டைப் பையில் இருந்தது.

மாமா மதாமின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"வார் எங்க?"

"எனக்கு வாணாம் மாமா. பயமில்ல."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். அது என்ன வார், அது இல்லாமல் ஏறலாமா, ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார். குதிரை மிரளும் என்ற வார்த்தையை அப்பா ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அன்றே எல்லாம் முடிந்துவிடும்.

"ஒண்ணுமில்ல மாப்ள. அது சும்மா, அழகுக்கு."

அழகுக்கு. எனக்கு அது வெற்றிச் செய்தியாகக் கேட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில் பக்கத்து மனையில், வீடு கட்டும் இடத்தில், லாரியிலிருந்து இரும்புக் கம்பிகளைச் சரித்தார்கள். அந்தச் சத்தத்தில் மதாம் பக்கவாட்டில் பாய்ந்தாள். என் வலது கால் மிதியிலிருந்து நழுவியது, உடம்பு இடது பக்கமாகத் தொங்கியது. கையில் இருந்தது கடிவாளம் மட்டும்தான். அதைப் பிடித்துத் தொங்கினேன். மொத்த உடம்பும் அதில்தான் தொங்கியது. மதாம் வாயைப் பிளந்துகொண்டு முன்னங்கால்களைத் தூக்கினாள், இறக்கினாள், இன்னொரு முறை தூக்கினாள். நான் விடவில்லை. விட்டால் முழங்கால் தரையில் படும், பட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்பது மட்டும் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் நடுங்கியபடி நின்றாள். நான் கடிவாளத்தைப் பற்றியே மேலேறி, சேணத்தில் நேராக உட்கார்ந்தேன்.

அப்பா ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, குனிந்து மண்ணைப் பார்த்தார். பிறகு என் இடது முழங்காலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"மண்ணு படல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அண்ணன் கை தட்டினான். அவன் எனக்குக் கை தட்டியது அன்று மட்டும்தான். பாராட்ட வேண்டிய மாமாதான் பாராட்டவில்லை. மதாமைக் கொட்டகையின் கோடிக்கு நடத்திப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவிக்கொண்டிருந்தார். பதக்கங்கள் நனைந்தன. கீழே விழுந்த நுரை சிவப்பாக இருந்தது. ஏன் சிவப்பு என்று கேட்டேன். எனக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். பீட்ரூட் தின்றிருக்கிறாள் என்றார் மாமா. கேரட் வாங்கவே நான்கு கடை ஏறி இறங்குகிற மனிதர் பீட்ரூட் எப்போது வாங்கினார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெயித்தவர்கள் நுரையின் நிறத்தை ஆராய்வதில்லை.

கடிவாளத்தின் இரும்பு குதிரையின் வாய்க்குள், பல் இல்லாத ஈறின் மேல் கிடக்கிறது. அதில் ஒருவர் தொங்கினால் கடைவாய் கிழியும். இருபத்தாறாவது வயதில், பிரான்ஸில் ஒரு பாசறை ஊரின் லாயக் கதவில் ஒட்டியிருந்த விதித் தாளில் ஒரே ஒரு வரி படித்தேன். கழுத்து வார் எதற்கு என்றால், ஏறுபவர் தடுமாறும்போது குதிரையின் வாய் புண்படாமல் இருக்க. வெட்கப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் கோபமும் வந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. அந்த ஒரு வரியை மாமா முதல் நாளே சொல்லியிருந்தால், அண்ணன் என்ன கேலி செய்தாலும் நான் அந்த வாரை விட்டிருக்க மாட்டேன். பயத்துக்கு அடங்காத பிள்ளை, ஒரு வாயில்லா ஜீவனின் வலிக்கு அடங்கியிருக்கும். காரணம் சொல்லாத விதியை அன்றைக்கும் மீறினேன், இன்றைக்கும் மீறுவேன். என் கையால் போன விதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மதாமின் மேல் யாரும் ஏறவில்லை. லாடம் கழன்றுவிட்டது என்றார் மாமா, பிறகு வயிறு சரியில்லை என்றார். நான்காவது ஞாயிறு அப்பாவே என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அலுவலகம் முழுக்க என் புகழைப் பாடியிருந்ததால், இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போக நின்றார். மதாமின் கழுத்தில் வார் கட்டியிருந்தது, புதியது, இரட்டைத் தையல் போட்டது.

"இதப் புடிச்சாதான் ஏறலாம்" என்றார் மாமா.

"நான்தான் விழலியே."

"புடிச்சாதான்."

"அழகுக்குன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் நல்ல கேள்வி கேட்கிறாள் என்ற பெருமை முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் என் அனுமதி போகும், சொல்லாவிட்டால் நான் அடங்க மாட்டேன். மாமா குனிந்து, இறுகியிருந்த வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

அப்படியானால் நான் ஏறப் போவதில்லை என்றேன். இன்றைக்கு மட்டும் இல்லை, இனிமேலும் இல்லை. மூன்று மாதம் ஷரத்துக்கு ஷரத்து சண்டை போட்டு ஜெயித்த அனுமதியை ஒரு நிமிஷத்தில் நானே கீழே போட்டேன். உன் இஷ்டம் என்றார் மாமா. நான் மாமாவைக் கோழை என்று முடிவு கட்டினேன். வீட்டில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன், வெகுகாலம் சொன்னேன்.

கிளம்பும் முன் மதாமிடம் விடைபெறப் போனேன். மூக்கைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டினேன். அவள் சட்டென்று தலையை உயரத் தூக்கி, என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டாள். எக்கி மறுபடியும் நீட்டினேன். இன்னும் உயரத் தூக்கினாள், கண்ணின் வெள்ளை தெரிந்தது. அவளும் என் கட்சிதான், யாருக்கும் தலை குனிய மாட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். மிகவும் திருப்தியாக இருந்தது. நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு போய் அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறினேன்.